பின் அக்ஸில் சீல் ஏன் திரும்பவும் ஒழுகுது?

வணக்கம் நேயர்களே. கெப் வைத்திருக்கிறவர்களுக்கும் பழைய ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கும் இந்தக் காட்சி தெரியும். பின் சில்லின் உட்பக்கத்தில், ரயர் ஓரமாக, கறுத்த பிசுபிசுப்பு. கராஜுக்குக் கொண்டுபோய்ப் புது அக்ஸில் சீல், அதாவது சில்லைச் சுற்றுகிற தண்டின் வழியாக ஒயில் வெளியே வராமல் மறிக்கிற ரப்பர் வளையம், போடுவோம். மூன்று மாதத்தில் அதே இடம் திரும்பவும் ஈரம். "சீல் சரியில்லை" என்று சீலைத்தான் திட்டுவோம்.

முதலில் ஒழுகுவது என்ன என்று பாருங்கோ. பிரேக் ஒயிலும் அதே இடத்தில்தான் கசியும். விரலில் ஒரு துளி எடுத்து ஒரு கோப்பைத் தண்ணீரில் விடுங்கோ. பிரேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துபோகும். கியர் ஒயில் மேலே மிதக்கும், கந்தக நாற்றமும் அடிக்கும். மிதந்தால் அக்ஸில் சீல்தான்.

இனி, சீல் ஏன் கெடுகிறது? நான் எங்கே போனாலும் சொல்லுகிற விஷயம் இது, இன்றைக்கும் சொல்லுவேன். அக்ஸில் குழாயின் மேல் பக்கத்தில், தொப்பி போட்ட சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். அதுதான் பிறீதர், அதாவது காற்று மூச்சுவிடுகிற வழி. யாழ்ப்பாணத்து மண்ணும் உப்புக் காற்றும் அதை அடைத்துவிடும். அடைபட்டால் என்ன நடக்கும்? 30 பாகையில் இருக்கிற டிஃபரன்ஷல், அதாவது பின் சில்லுகளைச் சுற்றுகிற பல்சக்கரப் பெட்டி, ஓடி ஓடி 90 பாகைக்குப் போனால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஐந்திலொரு பங்கு கூடும். அந்த அழுத்தம் ஒயிலைச் சீலின் உதட்டுக்கு, அதாவது தண்டில் உரசுகிற ரப்பர் ஓரத்துக்கு, வெளியே தள்ளும். புது சீல் என்றாலும் தள்ளும்.

இதே விஷயம் தலைகீழாகவும் நடக்கும். கார்த்திகை மழையில், வயல் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீருக்குள் சூடான வாகனத்தை இறக்குகிறீர்கள். உள்ளே இருக்கிற காற்று சடாரென்று சுருங்கும். வெந்நீர் ஊற்றிக் கொட்டிய பிளாஸ்டிக் போத்தலை உடனே மூடி வைத்துப் பாருங்கோ, ஆறும்போது சப்பளிந்து போகும். அதே இழுவைதான் தண்ணீரைச் சீல் வழியாக உள்ளே இழுக்கும். ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே சீலைத் தொட முன்னம் பிறீதரைத் தொடுங்கோ. தொப்பி விரலால் ஆட வேண்டும். இறுகியிருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கோ, இல்லை புதிது போடுங்கோ. மணற்காட்டு மணலிலும் வெள்ளத்திலும் ஓடுகிறவர்கள் அதில் ஒரு ரப்பர்க் குழாய் பூட்டி உயரத்துக்குக் கொண்டுபோங்கோ. குழாய் நடுவில் தொங்கக் கூடாது. தொங்கினால் அந்த வளைவில் தண்ணீர் தங்கி வழியை அடைக்கும்.

இனி வேலை. ட்ரம் பிரேக் உள்ள ஹைலக்ஸ் வகையை வைத்துச் சொல்லுகிறேன். முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கோ. ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக் கூடாது, அக்ஸிலுக்குக் கீழே ஸ்ராண்ட் வையுங்கோ. ட்ரம் இறுகியிருந்தால், அதிலுள்ள இரண்டு மரைத் துளைகளிலும் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்குங்கோ, தானாகக் கழரும். பிரேக் குழாயையும் கைப்பிரேக் கேபிளையும், ஏபிஎஸ் உணரி இருந்தால் அதையும் கழற்றுங்கோ. பின்னால் இருக்கிற நான்கு நட்டையும் கழற்றினால் அக்ஸில் தண்டு பெயாரிங்கோடு வெளியே வரும்.

பழைய சீலைப் பிடுங்க முதல், அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கோ. இதை ஆட்கள் விட்டுவிடுவார்கள். சீலைக் கூட ஆழமாக அடித்தால் உதடு தவறான இடத்தில் உரசும், முதல் நாளே ஒழுகும். உதடு ஓடுகிற பளபளப்பான வளையத்தை நகத்தால் தடவுங்கோ. பள்ளம் நகத்தில் தட்டினால் எந்தச் சீலும் நிற்காது. பெயாரிங்கைக் கையால் சுழற்றுங்கோ. கரகரத்தாலோ ஆடினாலோ அதையும் பிரஸ் உள்ள இடத்தில் மாற்றுங்கோ, சுத்தியல் வேண்டாம்.

புது சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். உதட்டுக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசி, அதே விட்டமுள்ள தட்டையான குழாயை வைத்துச் சுற்றிவரச் சமமாகத் தட்டுங்கோ. தண்டைத் திரும்ப விடும்போது அதன் பற்கள் உதட்டில் உரசாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடியுங்கோ. அதில் ஒரு கீறல் விழுந்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

ஒயில் ஊறிய பிரேக் லைனரைப் பெற்றோல் ஊற்றி எரிக்கிற பழக்கம் வேண்டாம். சூடேற உள்ளே ஊறினது திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கமும் மாற்றுங்கோ, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

நேரம் முடிந்துகொண்டு வருகிறது, மிச்சத்தை விரைவாகச் சொல்லுகிறேன். பழைய ஒயிலை இறக்க முதல் மேலே உள்ள நிரப்பும் அடைப்புக் கழருகிறதா என்று பாருங்கோ. புதிதாக விடுகிற கியர் ஒயில் பொதுவாக 80 டபிள்யூ 90, ஜீ.எல். 5 தரம். ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் குறைக்கிற லிமிற்றட் ஸ்லிப் டிஃபரன்ஷல் என்றால் அதற்கான ஒயில். சமநிலத்தில், நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரைக்கும் நிரப்பினால் போதும், கூட ஊற்றினாலும் சீல் ஒழுகும். பிறகு பிரேக் குழாய்க்குள் போன காற்றை எடுங்கோ. மிதி இறுக்கமாக நிற்கும்வரை வாகனத்தை வீதிக்கு எடுக்க வேண்டாம். வணக்கம்.