ஐப்பசியில் போகும் நகை

(பொங்கல் முடிந்த வாரத்தில், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குப் போய் மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டுமே என்ற நினைப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் என் வணக்கம்.

மழையிலும் பனியிலும் நம் டெல்டாக் குடும்பங்கள் படுகிற பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சம்பா சாகுபடி செய்கிற வீட்டில் இந்த மாதங்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஐப்பசியில் வீட்டுப் பெண்ணின் கழுத்தைவிட்டுப் போகிற சங்கிலி மாசியில்தான் திரும்பி வரும். நடுவில் அந்த வீட்டில் நடக்கிற நல்லது பொல்லாதது அத்தனைக்கும் பின்னால் அந்தச் சங்கிலி இருக்கிறது. மேடைகளில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் பார்த்துவருகிறேன். அதனால் பேசுகிறேன்.

செலவு எல்லாம் சேர்ந்து வரும் மாதம் ஐப்பசி. உழவு, வரப்பு வெட்டு, நாற்றுப் பறி, நடவு, அடியுரம் என்று புரட்டாசியிலேயே கைப்பணம் கரைந்துவிடும். பிறகு தீபாவளி வரும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டாவது தவணை வரும். சி.ஆர். 1009 போன்ற நீண்டகால நெல் 150 நாளுக்கு மேல் வயலில் நிற்கிற பயிர். ஆடி, ஆவணியில் போட்ட காசு தையில்தான் நெல்லாகும். அதுவரை வீட்டுக்குள் வர வேறு பணம் இல்லை. அப்போது ஆண்கள் ஒன்றும் கேட்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணே சங்கிலியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிடுவாள். கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி குறைவு. ஆனால் சிட்டா, அடங்கல் என்று நிலக் காகிதங்களுக்கு அலைய வேண்டும். அடகுக் கடையில் அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடும். நடவு ஆட்கள் கூலிக்கு நிற்கும்போது எவரால் அலைய முடியும்?

என் அத்தை, அதாவது என் மாமியார், இந்த அடகுச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்திருப்பார்கள். பையில் நிலத்தின் பட்டா நகல், ரேஷன் அட்டை, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் அடகுச் சீட்டு. மழை பிடித்தால் முதலில் அந்தப் பையைத்தான் பரணில் ஏற்றுவார்கள். அரிசி மூட்டைகூட அதற்குப் பிறகுதான். பட்டாவில் மாமாவின் பெயர், பாஸ்புத்தகத்தில் மாமாவின் பெயர். அடகுச் சீட்டில் இருப்பதும் அவர் பெயர்தான். நகை மட்டும் அத்தையுடையது. அவர்கள் பிறந்த வீட்டில் போட்டு அனுப்பியது.

கார்த்திகை மழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வடிகாலைத் திறந்துவிடக் கிளம்புவார். வாய்க்கால் நிரம்பி வயல் தண்ணீர் வடியாமல் நின்றால் இளம்பயிர் அழுகிவிடும். அவர் போன பிறகு அந்த வீட்டில் யார் தூங்குகிறார்கள்? கொட்டகையில் தண்ணீர் ஏறும். கன்றை அவிழ்த்துத் திண்ணையில் கட்ட வேண்டும். வைக்கோல் நனையாமல் படுதாவை இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே பெரியவருக்கு இழுப்பு வந்திருக்கும். காலையில் பள்ளி விடுமுறை என்று செல்பேசியில் செய்தி வரும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். நமக்கோ, மூன்று வேளையும் ஈர விறகோடு மல்லுக்கட்டிச் சுடச்சுடச் சமைத்துப் போடுகிற நாள்.

தண்ணீர் வடிந்ததும் பயிரைத் தேற்றுகிற செலவு வந்து நிற்கும். ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள் என்று வேளாண்மைத் துறை சொல்கிறது. நல்ல ஆலோசனைதான், பலனும் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவுக்கு ஐப்பசியில் எவரும் பணம் எடுத்துவைத்திருப்பதில்லை. இரண்டாவது நகை போவது அப்போதுதான். வளையல், இல்லையென்றால் தோடு.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் புதுக் கன்று காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஐப்பசியில் போன நகைகள் மாசியில் திரும்பாத வீடுகளை நான் அறிவேன். சில நகைகள் ஏலத்துக்கே போயின. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்ய 2021இல் தமிழக அரசு ஆணையிட்டபோது அது தேர்தல் வாக்குறுதி என்றும் கடன் கணக்கு என்றும்தான் விவாதித்தார்கள். அத்தனை வருடமும் அந்த நகையைப் போட்டுக்கொள்ளாமல் நல்லது கெட்டதுக்குப் போய்வந்த பெண்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்கழிக்கு வருவோம். மற்ற ஊர்களில் மார்கழி என்றால் பாட்டும் கோயிலும். நமக்கும் உண்டு. விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பறங்கிப்பூவைச் செருகிவிட்டு நிமிரும்போது, எதிரே வயல் முழுக்கக் கதிர் வாங்கி நிற்கும். பூக்கும் நெல்லுக்கு ஒரு வாசம் உண்டு. அந்த ஐந்து நிமிட சந்தோஷத்தை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் அதே பனிதான் பயிருக்குக் குலைநோயைக் கொண்டுவருகிறது. ராத்திரி குளிர்ந்து, இலையில் ஈரம் வெகுநேரம் காயாமல் இருந்தால் நோய் பிடித்துக்கொள்ளும். விலை அதிகம் கிடைக்கிறதே என்று நாம் விரும்பிப் போடும் ஆந்திரா பொன்னி ரக நெல்லுக்கு அது சீக்கிரம் வரும். கதிரின் கழுத்தில் பிடித்தால் கதிர் வெளுத்துப் பதராகிவிடும். பார்த்த அன்றே மருந்தடிக்க வேண்டும். மருந்துக்குப் பணம்?

மார்கழியில் நம் வீடுகளில் நடக்கும் சண்டை எல்லாமே பணச் சண்டைதான். ஆனால் ஒன்றுகூடப் பணத்தில் தொடங்காது. குழம்பில் உப்பு இல்லை என்று தொடங்கும். அரையாண்டுத் தேர்வில் பையன் கணக்கில் மதிப்பெண் குறைவாக வாங்கிவிட்டான் என்று தொடங்கும். அடி வாங்குகிறவன் அந்தப் பையன். அரையாண்டு நடக்கிற வாரங்களில் அவன் படிக்க இந்த வீட்டில் ஓர் இடம் இருந்ததா, காலையில் எழுப்பிவிட ஓர் ஆள் இருந்தாரா என்று எவரும் யோசிப்பதில்லை. இதை ஓர் ஆசிரியராகவும் சொல்கிறேன். மார்கழியில் வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளையை நான் திட்டுவதில்லை.

நிலமில்லாத வீடுகளின் நிலைமை இன்னும் கடினம். களையெடுப்பு முடிந்தால் அறுவடை வரை வேலை இல்லை. முன்பு தையில் அறுப்பு இருந்தது. கூலி நெல் வீட்டுக்கு வந்தது. இன்று இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது. நாற்று நட்ட அந்தக் கைகளுக்கு அறுவடையில் பங்கில்லை. அந்தப் பெண்களிடம் அடகு வைக்கவும் ஒன்றும் இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்தான் பல வீடுகளில் மார்கழியில் வருகிற ஒரே நிச்சயமான பணம். சிறிய தொகைதான், மறுக்கவில்லை. அவள் பெயரில், அவள் கணக்கில் வருகிறது என்பதற்காக நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம். வழியும் பிறக்கிறது, முகூர்த்தங்களும் பிறக்கின்றன. மார்கழி முழுக்க நின்றிருந்த கல்யாணங்கள் எல்லாம் தையில் கூடிவிடும். பொங்கலுக்குக் கதிர் அறுத்து வந்து நிலைப்படியில் கட்டியிருப்போம். வயலில் நெல் பழுத்துக்கொண்டிருக்கும். நகை இன்னும் கடையில் இருக்கும். கல்யாணத்துக்குப் போகிற பெண் கவரிங் சங்கிலியைப் போட்டுக்கொள்கிறாள். பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “புதிதா அண்ணி?” என்று கேட்கிறாள். கேட்கிறவள் கழுத்தில் இருப்பதும் கவரிங்தான். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் பேச்சை மாற்றிக்கொண்டு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள்.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது பழமொழி. 2021 ஜனவரியில் என்ன நடந்தது? பொங்கல் நேரத்தில் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அப்படித்தான். வயல் ஈரமாகிவிட்டால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வர வேண்டும். வாடகையும் கூடும், நேரமும் கூடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மத்திய அரசு தளர்வு தரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நெல்லைக் களத்தில் கொட்டிக் கிளறிக் காயவைப்பதும், பனி விழுவதற்குள் குவித்துப் படுதா போடுவதும், காலையில் திரும்ப விரிப்பதும் யார் வேலை என்று இந்த அறையில் கேட்டால் எல்லாக் கையும் ஒரே பக்கத்திலிருந்துதான் உயரும்.

கடைசியில் நெல் எடைபோட்டு, பணம் வங்கிக்கு வரும். அவர் கணக்குக்கு வரும். வண்டி வாடகை, உரக்கடை, கைமாற்று என்று கொடுத்துக்கொண்டே போய், நகைக்கு வரும்போது பணம் மீதமிருந்தால் நகை திரும்பும். இல்லையென்றால் வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றிவைப்பார்கள். ஆண்களிடம் நான் கேட்பது இதைத்தான்: வரிசையை மாற்றுங்கள். உரக்கடைக்காரர் ஒரு வாரம் பொறுப்பார். முதல் பணத்தில் நகையை மீட்டுவிடுங்கள். இந்தச் சாகுபடிக்கு முதல் போட்டவள் அவள். வேறு யார் முதல் போட்டிருந்தாலும் அவர் பங்கை முதலில் எடுத்துவைத்திருப்பீர்கள்.

முதல் போட்டவள், ராத்திரி கண்விழித்தவள், நெல் காயவைத்தவள். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அவள் விவசாயி இல்லை. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நவம்பர் 15க்குள் நாம் ஓடி ஓடிக் கட்டுகிற சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அந்தப் பணத்தையும் பல வீடுகளில் நகைதான் கட்டுகிறது. இழப்பீடு வந்தால் போவது பெயர் இருக்கிறவர் கணக்குக்கு. புருஷன் திடீரென்று இறந்துபோன வீடுகளில் இதன் விளைவைப் பார்த்திருக்கிறேன். நிலத்தில் நாற்பது வருடம் பாடுபட்டவள் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே வயலில் பயிர் தண்ணீரில் நிற்கிறது.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் திருத்தியாயிற்று. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அப்படியும் நம் ஊர்களில் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீர்வரிசையோடு திருப்தியாகத் திரும்பி வருகிறோம். அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அதனால் முதலில் புகுந்த வீட்டில் தொடங்கலாம் என்கிறேன். கணவர் தம் நிலத்தில் ஒரு பகுதியை மனைவிக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைக்கலாம். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைத் தீர்வை 40,000 ரூபாய்க்கும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கும் மேல் போகாதபடி உச்சவரம்பு இருக்கிறது. சிறு நிலத்துக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும். ஒரு மா, அதாவது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலமாக இருந்தாலும் சரி, பட்டா அவள் பெயருக்கு மாறினால் அடங்கலில் அவள் பெயர் வரும். அந்த நிலத்துக்குக் காப்பீடும் கூட்டுறவுப் பயிர்க்கடனும் அவள் பெயரில் வாங்கலாம். பயிர்க்கடன் நேரத்துக்குக் கிடைத்தால் ஐப்பசியில் சங்கிலியைக் கழற்ற வேண்டிய அவசியமே குறையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து இதே நூலகத்தில் இருப்பேன். பத்திரம் எழுதுகிறவர் ஒருவரும் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வரும்போது பட்டா நகலும், மூலப் பத்திரமும், இருவருடைய ஆதார் அட்டையும் கொண்டுவாருங்கள். அடகுச் சீட்டையும் எடுத்துவாருங்கள். எத்தனை வட்டி ஓடியிருக்கிறது, எதை முதலில் மீட்பது என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். கணவன்மார்களையும் அழைத்துவாருங்கள்.