ஆதாரம் இல்லாமல் கடவுளை நம்பலாமா?

[திரையில்: துறைமுகத்தில் ஒரு பழைய மரக்கப்பல்]

ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, கட்டும்போதே அவ்வளவு சரியாகக் கட்டவில்லை, அடிக்கடி பழுதுபார்த்து ஓட்டியது. பிழைப்புத் தேடி வேறு தேசம் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறது. தாங்குமா என்ற சந்தேகம் அவருக்கே வருகிறது, ஆனால் சரிசெய்யச் செலவாகுமே. அதனால் 'இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்த கப்பல்தானே, இந்த ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிட்டுவிடுவாரா என்ன' என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, உறுத்தலை அடக்கிவிட்டு, நிம்மதியாக வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. இவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

1877-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் சொன்ன கதை இது. (மனிதர் சும்மா கற்பனையில் சொல்லவில்லை. 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு சிசிலி பக்கம் கப்பல் விபத்தில் மாட்டித் தப்பியவர்.) கதையில் குண்டு எங்கே இருக்கிறது என்றால், கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அந்த முதலாளி குற்றவாளிதான் என்கிறார். நம்பியது பலித்ததா என்று கேட்காதீர்கள், அப்படி நம்ப அவருக்கு என்ன உரிமை இருந்தது என்று கேளுங்கள். போதிய ஆதாரம் இல்லாமல் யாரும், எங்கும், எதையும் நம்புவது தப்பு. அவர் பேசியது கப்பலைப் பற்றி மட்டும் இல்லை என்பது படித்த எல்லாருக்கும் புரிந்தது.

[திரையில்: வில்லியம் ஜேம்ஸ், 1896]

பத்தொன்பது வருஷம் கழித்து ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் பதில் சொன்னார். சில கேள்விகளில் 'ஆதாரம் வரட்டும், அதுவரை சும்மா இருக்கிறேன்' என்பதே ஒரு முடிவுதான், அதிலும் இழப்பு உண்டு, ஏமாந்துவிடுவோமோ என்று பயந்தே உண்மையைக் கோட்டை விடலாம். அந்த மாதிரி இடத்தில் மனசு சாயும் பக்கம் சாய நமக்கு உரிமை உண்டு என்றார். ஜேம்ஸைத் துணைக்குக் கூப்பிடுகிற நிறையப் பேர் அவர் போட்ட நிபந்தனையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: ஆதாரத்தை வைத்துத் தீர்க்கவே முடியாத கேள்வியாக அது இருக்கவேண்டும், தள்ளிப்போட வழியில்லாததாகவும் இருக்கவேண்டும். கப்பல் விஷயம் அப்படியா? ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் 1980-களில் ஆல்வின் பிளாண்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவவாதி வந்து கேள்வியையே திருப்பிப் போட்டார். நேற்றுக் காலையில் இட்லி சாப்பிட்டேன் என்று நம்புகிறீர்கள், எதிரே இருப்பவருக்கும் மனசு என்று ஒன்று இருப்பதாக நம்புகிறீர்கள், இதற்கெல்லாம் வாதம் போட்டு நிரூபித்துவிட்டா நம்பினீர்கள்? கடவுள் நம்பிக்கையும் அப்படி ஓர் அடிப்படை நம்பிக்கையாக ஏன் இருக்கக்கூடாது? சரி, அப்படியானால் ஹாலோவீன் இரவில் பெரிய பூசணிக்காய் ஒன்று எழுந்து வரும் என்பதையும் அடிப்படை நம்பிக்கை என்று சொல்லிவிடலாமே! இந்த ஆட்சேபத்தை அவரே எழுப்பி அவரே பதிலும் சொன்னார். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை.

இந்தச் சண்டை நம்ம ஊரில் ரொம்பப் பழசு. தோன்றிய அறிவை, தப்பென்று காட்டும்வரை சரியென்றே கொள்ளலாம் என்றார்கள் மீமாம்சகர்கள் (வேதச் சடங்குகளை ஆராய்ந்த பழைய தத்துவப் பள்ளியினர்). இல்லை, சரியா என்று தனியாகச் சோதிக்கவேண்டும் என்றார்கள் நியாயவாதிகள் (தர்க்கத்தை வளர்த்த 'நியாயம்' என்ற தத்துவப் பள்ளியினர்). வேடிக்கை என்னவென்றால், வேதத்தை அப்படியே ஏற்ற மீமாம்சகர் குமாரில பட்டர் உலகைப் படைத்த கடவுளை மறுத்தார், ஆதாரம் கேட்ட நியாயவாதிகளோ கடவுள் உண்டு என்று காட்ட அனுமானம் (தெரிந்ததை வைத்துத் தெரியாததை நிறுவும் தர்க்க வாதம்) எழுதினார்கள். தமிழில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் இந்த உலகத்தைக் காட்டித்தான் இறைவனுக்கு வாதம் வைக்கிறார். பக்தி என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்பவர்கள் இதைப் புரட்டிப் பார்க்கலாம்.

என் கணக்கு இது. விளைவு உங்களோடு நிற்கிற நம்பிக்கைக்கு ஜேம்ஸ் தரும் சலுகையை நானும் தருகிறேன். கப்பலில் மற்றவர்கள் ஏறிவிட்டால் கிளிஃபோர்ட் பக்கம்தான். பிள்ளைக்கு ஜுரம் நெருப்பாய்க் கொதிக்கும்போது விபூதி பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை. விபூதியோ ஜெபமோ போதும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் அந்த முதலாளிதான். நடுவில் வருவதுதான் சிக்கல், தன் நம்பிக்கையைப் பிள்ளைக்கும் ஊட்டி வளர்க்கிற பெற்றோரை எந்தப் பக்கம் வைப்பது? கமெண்டில் சொல்லுங்கள், பூசணிக்காய்க்குப் பதில் இருந்தால் அதையும்.