அதிகாரிகள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போவது ஊர் சுற்றவா? இந்த வீடியோவில் என் பதில்

வணக்கம் மக்களே! ஸ்வீடனில் இருக்கும் லுண்ட் நகரத்திலிருந்து பேசுகிறேன். சனிக்கிழமை என்றால் சந்தைக்குப் போய்க் காய்கறி விலை காட்டுவேன், தெரியும். இன்று சந்தை இல்லை. போன வீடியோவில் பல்கலைக்கழக நூலகத்தின் முன்னால் நின்று, "நம் ஊர்க் கல்வி அதிகாரிகள்கூட இங்கே பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள்" என்று ஒரே ஒரு வரி சொன்னேன். உடனே, "வரிப்பணத்தில் ஊர் சுற்ற வருகிறார்கள், சொகுசாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்" என்று எத்தனை பேர் எழுதிவிட்டீர்கள்! படிக்கப் படிக்க எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதனால் இன்று முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

நான் சொன்னது குழந்தை உரிமை, வகுப்பறை, பள்ளி நிர்வாகம் பற்றி லுண்ட் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய பயிற்சி. இந்தியா, இலங்கை, வியட்நாம், சாம்பியா, கொலம்பியா என்று பல நாட்டு அதிகாரிகள் வந்தார்கள். பணம் கொடுத்தது ஸ்வீடன் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான சிடா. வரிப்பணம்தான், ஆனால் ஸ்வீடன்காரர்களின் வரிப்பணம். கேள்வி கேட்பதென்றால் முதலில் அவர்கள்தான் கேட்க வேண்டும்.

சரி, நான் ஏன் இதற்காக இவ்வளவு வக்காலத்து வாங்குகிறேன்? இதை அமைத்த விதம் அப்படி. தனி ஆளாக யாரும் வர முடியாத ஏற்பாடு. ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் பள்ளி மட்டத்தில் வேலை செய்பவர், ஒருவர் மாவட்டம் அல்லது மண்டல மட்டம், ஒருவர் மாநில அல்லது தேசிய மட்டம். தலைமை ஆசிரியரும் அவருக்கு மேலதிகாரியும், அவருக்கும் மேலே கொள்கை எழுதும் இடத்தில் இருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுத வேண்டியிருந்தது. நம் ஊரில் இது நடக்கிற காரியமா, சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் வராந்தாவில் பெஞ்சில் காத்திருப்பார்.

இன்னொன்று, பணிமாறுதல். ஒரு நல்ல அதிகாரி பயிற்சிக்குப் போய்வந்து உற்சாகமாக ஏதோ ஆரம்பிப்பார். ஆறு மாதத்தில் மாறுதல் உத்தரவு வரும். கோப்பு அலமாரிக்குப் போய்விடும். நிலைத்த வளர்ச்சி என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். மாறுதல் உத்தரவைத் தாண்டி நிற்காத எதையும் நான் நிலைத்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று மட்டத்தில் மூன்று பேர் இருந்தால், ஒருவர் போனாலும் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களைக் கைகூப்பிக் கும்பிடலாம்.

ஆமாம், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், பின்னால் போகிறேன். லுண்டில் இருந்தது சில வாரங்கள்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு தாங்கள் எழுதிய மாற்றத் திட்டத்தைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. அடி இல்லாத வகுப்பறை, மாணவர் மன்றம், பெற்றோர் பங்கேற்பு இப்படி ஏதாவது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வழிகாட்டி கூடவே தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எல்லாக் குழுக்களும் கூடி, என்ன நடந்தது என்று அறிக்கை வைக்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கைகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர் சுற்ற வந்தவருக்கு எதற்கு இந்த வேலை?

இந்த இடத்தில் சாப்பாட்டு விலையைச் சொல்லியே ஆக வேண்டும். நேற்று அந்தப் புத்தகங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மதியம் ஒரு கடையில் உட்கார்ந்தேன். அன்றைய சாப்பாடு 139 குரோனா. நம் பணத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். என்ன கொடுத்தார்கள்? நான்கு அவித்த உருளைக்கிழங்கு, உள்ளங்கை அளவு மீன், மேலே ஒரு வெள்ளை சாஸ். காரம் கிடையாது, புளிப்பு கிடையாது. சாலட், ரொட்டி, காபி எல்லாம் இந்த விலைக்குள் அடக்கம் என்பதுதான் இங்கே வழக்கம், அதனால்தான் பொறுத்துக்கொண்டு சாப்பிடுவேன். இந்தக் கடையில் காபிக்குத் தனியாக 35 என்கிறார்கள்! ஏன் என்று கேட்டேன், "இப்போது அப்படித்தான்" என்றார்கள். அந்தக் கடை வாசலை இனி மிதிக்க மாட்டேன். சொகுசாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எழுதினீர்களே, இதுதான் அந்தச் சொகுசு.

ஆனால் இதே ஊரில் என் மகள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு காசு கிடையாது. சட்டப்படி இலவசம், சத்தாகவும் இருக்க வேண்டும். போன மாதம் உள்ளே போனபோது பார்த்தேன். வாசலில் வரிசையாகக் குட்டிக் காலணிகள், பக்கத்துச் சுவரில் மாணவர் மன்றக் கூட்டக் குறிப்பு. "சாப்பாட்டு வரிசையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் முந்துகிறார்கள்" என்று குழந்தைகள் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே தலைமை ஆசிரியரின் பதில், கையெழுத்தோடு: அடுத்த வாரத்திலிருந்து சின்ன வகுப்புகள் பத்து நிமிடம் முன்னால் வரலாம். அந்தத் தாளை நின்று இரண்டு தடவை படித்தேன். குழந்தை கேட்டால் பெரியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். உரிமை சார்ந்த நிர்வாகம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும், குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்டு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது.

அதற்காக ஸ்வீடன் எல்லாம் தெரிந்த ஊர் என்று நினைக்காதீர்கள். குழந்தையை வீட்டில்கூட அடிக்கக் கூடாது என்று 1979இல் உலகிலேயே முதலில் சட்டம் போட்டவர்கள்தான். ஆனால் 1989இல் வந்த அந்த உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கியது 2020 ஜனவரியில்தான். பள்ளிச் சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு யாரும் வகுப்பெடுக்கவும் வேண்டாம். 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, ஆண்டுக்கு 200 நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. தமிழ்நாடு அதற்கு வெகுகாலம் முன்பே சத்துணவு போட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த உத்தரவு முக்கியம். அரசு மனமிரங்கிக் கொடுப்பது வேறு, கொடுக்காவிட்டால் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பது வேறு.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் பங்கேற்பு பற்றி ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்று காட்டும் எட்டுப் படி ஏணி ஒன்று போட்டார். கீழே இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் ஒன்று, குழந்தைகளை அலங்காரமாக நிறுத்துவது. நம் விழாக்களில் அமைச்சர் வரும்வரை பிள்ளைகளைப் பதாகையோடு வெயிலில் நிறுத்துகிறோமே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து நாள் சுற்றுப்பயணம், நினைவுப் பரிசு, குழுப்படம் என்று முடியும் பயிற்சிகளும் அதே படிதான். அவற்றைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அட, இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லவில்லையே! 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சட்டம் இருக்கிறது, நடத்துகிற ஆளைத்தான் தயார்படுத்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் இப்படிப் பயிற்சி.

இப்போது என் கவலை வேறு. ஸ்வீடனில் 2022இல் வந்த அரசு, தேசிய வருமானத்தில் 1 சதவீதம் வெளிநாட்டு உதவிக்கு என்ற பழைய இலக்கைக் கைவிட்டு, 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 5,600 கோடி குரோனா என்று நிறுத்தியது. வெட்டுவதென்றால் விமானச் சீட்டை வெட்டட்டும், விருந்தை வெட்டட்டும். ஊர் திரும்பிய பிறகு தொடர்ந்து விசாரிக்கும் இதுபோன்ற வழிகாட்டியை மட்டும் வெட்டக் கூடாது. அவர் இல்லாவிட்டால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

பார்க்கிறவர்களில் கல்வித் துறைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், இலங்கையில் வலயக் கல்வி அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் எழுதுகிறீர்கள். எந்தப் பயிற்சிக்காவது போய்வந்திருந்தால், திரும்பிய பிறகு உங்கள் திட்டம் என்ன ஆனது, உங்களுக்கு மாறுதல் வந்த பிறகு யார் தொடர்ந்தார்கள் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வாசிக்கிறேன். சந்தை அதற்கடுத்த வாரம்.