ஓர்மை இருக்கா?

நேயர்களுக்கு வணக்கம். நம்ம குமரி மாவட்டத்தில் 'ஞாபகம் இருக்கா' என்று கேட்பவர்கள் குறைவு. 'ஓர்மை இருக்கா' என்றுதான் கேட்போம். வெளியூரில் படித்த காலத்தில் இந்தச் சொல்லைச் சொன்னதும் விடுதியில் சிரித்தார்கள். ரோஷத்தில் அகராதியைப் புரட்டினேன். ஓர்மைக்கு ஒற்றுமை என்று பொருள் போட்டிருந்தது. நினைவில் நிற்பதும் ஒன்றோடொன்று சேர்வதும் நமக்கு ஒரே சொல்! குறிப்பெடுப்பதைப் பற்றி இன்று பேச வந்ததும் அந்தச் 'சேர்வது' என்ற பொருளைப் பிடித்துக்கொண்டுதான்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு புத்தகம் அலமாரியில் ஓர் இடத்தில்தான் நிற்கும். பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றிய நூலைப் பொறியியல் பக்கம் வைத்துவிட்டால், பாசனம் பற்றித் தேடி வரும் மாணவன் கண்ணில் அது படாது. அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கேட்டலாக் பெட்டிக்குள் இருக்கும் 'மேலும் பார்க்க' என்ற ஒரு கார்டு.

இன்று நம் யோசனைகளுக்கு அந்தக் கார்டு இல்லை. மனசில் ஒன்று தோன்றினால் நமக்கு நாமே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்த சொலவடை, கரண்ட் பில் ரசீது, மருந்துச் சீட்டின் படம், எல்லாம் ஒரே குவியல். நாலு நாளில் அடியில் போய்விடும்.

ஜெர்மனியில் நிக்லாஸ் லூமன் என்று ஒரு சமூகவியல் அறிஞர் இருந்தார். 1998இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற மரப்பெட்டிகளில் சுமார் 90,000 சீட்டுகள். 21ஆம் சீட்டும் 22ஆம் சீட்டும் எழுதியான பிறகு, 21ஐ ஒட்டி ஒரு யோசனை வந்தால் 21அ என்று எண் போட்டு நடுவில் செருகிவிடுவார். எங்கோ இருக்கும் வேறொரு சீட்டோடு தொடர்பு தெரிந்தால் அதன் எண்ணையும் இதில் குறித்துவைப்பார். ஐம்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதிய மனிதருக்கு இதுதான் கருவி.

இதையே இப்போது அப்சிடியன், லாக்சீக் போன்ற செயலிகள் ஃபோனில் செய்கின்றன. இரண்டு சதுர அடைப்புக்குறிகளைத் திறந்து இன்னொரு குறிப்பின் பெயரை எழுதினால் போதும், இரண்டும் இணைந்துவிடும். அந்த இன்னொரு குறிப்பைத் திறந்தாலும் 'இன்னார் உன்னைத் தேடி வந்தார்' என்று அதுவே காட்டும். அப்சிடியனில் எழுதியவை சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்களிடமே இருக்கும். நாளை செயலி மூடப்பட்டாலும் எழுத்து போகாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குறிப்பின் பெயர் 'தேரூர் குளம்'. ஆனால் வாக்கியத்தில் 'தேரூர் குளத்தில்' என்றுதானே வரும்? வேற்றுமை உருபு சேர்ந்ததும் பெயர் மாறிப்போய், இணைப்பு விழாது. இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். அப்சிடியனில் வழி இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் முதலில் குறிப்பின் பெயர், அடுத்து ஒரு செங்குத்துக் கோடு, அதன்பின் வாக்கியத்துக்கு வேண்டிய வடிவம். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் ஃபோனில் உண்டு. நம்ம ஊர்ச் சொல் என்றால் பிறகு திருத்தத் தயாராக இருங்கள். நம்ம நெல் போகத்தைக் கும்பப்பூ அறுவடை என்று சொன்னால் அது எந்தப் பூவையோ பறிக்கப் போய்விடுகிறது.

எல்லாக் குறிப்பையும் புள்ளியும் கோடுமாகச் சிலந்தி வலைபோலப் படம் வரைந்து காட்டும் வசதி ஒன்றும் இருக்கிறது. பார்க்க அழகு. எனக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இருந்ததில்லை.

பிரயோஜனம் எதில் என்றால், இணைக்கும்போது ஏன் இணைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுவதில். மூன்று வருஷத்துக்கு முன் தேரூர் குளத்தங்கரையில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் கோடையில் குளத்து வண்டலை அள்ளி மாட்டுவண்டியில் வயலுக்குக் கொண்டுபோவோம் என்றார். குறித்துவைத்தேன், மறந்தும் போனேன். போன மாதம் தோவாளைப் பூச்சந்தையில் குவிந்து கிடந்த தாமரையைப் பற்றி எழுதும்போது குளத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டேன். பெரியவர் சொன்னது மேலே வந்து நின்றது. தாமரைக் கிழங்கு சேற்றில்தானே ஓடும்? உடனே எழுதினேன்: 'வண்டல் அள்ளுவது நின்றதால் தாமரை பெருகியதா?'

அந்த ஒரு வரிக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தேரூர் போனேன். ஒருவர் வயலில் போடும் உரம்தான் காரணம் என்றார். இன்னொருவர், குத்தகைக்காரர்கள் வேண்டுமென்றே வளர்ப்பது என்றார். டீக்கடையில் உட்கார்ந்தே இரண்டையும் தனித்தனிக் குறிப்பாக எழுதி, பழையதோடு முடிச்சுப் போட்டேன். அந்தப் பெரியவரைத்தான் பார்க்க முடியவில்லை. மகள் வீட்டுக்குக் குலசேகரம் போயிருக்கிறாராம். அவர் திரும்பியதும் மறுபடியும் போக வேண்டும். வணக்கம்.