முதலில் ஒன்று, மற்றவை வரிசையில்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘வாழ்க்கை இலக்குகளை ஒருசேரத் துரத்துவதா, ஒன்றன்பின் ஒன்றாக அடைவதா?’ என்பது இன்றைய தலைப்பு. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் துணைக்கு அழைத்தார். மருத்துவம், சட்டசபை, ஔவை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அடுக்கி, “ஒரே ஆள் இத்தனையும் செய்யவில்லையா?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, தோழர் சாதனைகளைச் சொன்னார், ஆண்டுகளைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

1912-ல் மருத்துவப் பட்டம் பெறுகிறார். பிறகு இந்திய மாதர் சங்கம் சட்டசபைக்கு வரச்சொல்லி அழைக்கிறது. நல்ல வருமானம் தந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போகிறார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடுகிறார். ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம் அந்தப் போராட்டத்திலிருந்தே பிறந்தது. அதைத் தனி இலக்காக எண்ணிக் கணக்கில் கூட்டாதீர்கள்.

இதில் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. சட்டசபைக்குப் போவதற்கு முன்பே அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்த அந்த வேதனையோடுதான் அவர் சபைக்குள் போனார். புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. அடையாறில் அடிக்கல் நாட்டியது 1952-ல், மருத்துவமனை திறந்தது 1954-ல். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கிவிட்டது. “தள்ளிவைத்த இலக்கு செத்துப்போகும்” என்றாரே தோழர், இது செத்ததா?

என் தொழில் போட்டித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது. எங்கள் வகுப்பில் ஒரு பெண். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஆண்டுக்கான பட்டியலை எழுதி வைத்திருந்தாள்: காவலர் தேர்வு, குரூப் 4, ஸ்போக்கன் இங்கிலீஷ், தையல் சான்றிதழ், கீபோர்டு வாசிப்பு. ஒவ்வொன்றுக்கும் தினம் ஒரு மணி நேரம். ஜவுளிக்கடை வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவளுக்கு ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும்? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “இதில் எதெல்லாம்மா உனக்காகக் காத்திருக்கும்?” கீபோர்டு நாற்பது வயதிலும் காத்திருக்கும். தையலும் காத்திருக்கும். காவலர் தேர்வுக்கு வயது வரம்பு இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது. அதிலும் எழுத்துத் தேர்வோடு முடிவதில்லை. பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். நாள் முழுக்கக் கடையில் நின்று வலிக்கும் கால்களோடு மறுநாள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போக வேண்டும். அந்த உடம்பைப் போய் இன்னும் நான்கு வேலைக்குப் பங்கு போடச் சொல்கிறீர்களா?

எது ஆசை அதிகம், எது பெருமை அதிகம் என்று பார்த்து வரிசை போட்டால் மனசு தினமும் மாறும். எதன் கதவு முதலில் மூடப்போகிறது என்று பாருங்கள், வரிசை தானாக வந்துவிடும்.

எதிரணியில் ஒரு சகோதரி சொன்னதை மறுக்க மாட்டேன். குடும்பப் பாரம் சுமக்கும் பெண்ணுக்கு வரிசைப்படுத்த வாய்ப்பே கிடைப்பதில்லை, சமையலும் பிள்ளையும் மாமியார் மருந்தும் ஒன்றாகத்தான் வந்து விழுகின்றன என்றார். உண்மை. ஆனால் சகோதரி, அவை கடமைகள். அந்தக் கடமைகளுக்கு நடுவே அவளுக்கென்று மிஞ்சுவது அரைமணி நேரம். அந்த அரைமணியையும் ஐந்தாகக் கிழித்தால் அவள் கையில் என்ன மிஞ்சும்? அவளுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட என் கட்சி தேவை. “இந்த வருஷம் எனக்கு இது” என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், வீட்டில் இருப்பவர்களும் அந்த ஒன்றுக்கு இடம்விட்டே ஆக வேண்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி, அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1927-ல் முத்துலட்சுமி அம்மையார் சட்டசபை, மருத்துவத் தொழில், புற்றுநோய் மருத்துவமனை மூன்றையும் ஒரே நாளில் தோளில் ஏற்றியிருந்தால், அவற்றில் எது நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும்?

நன்றி, வணக்கம்.