முகத்தைப் பார்த்து இனம் சொல்பவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் நடந்துகொண்டிருந்த ஓர் இளம் இணையரை வழிமறித்த ஒருவர், இந்திய ஆடவன் சீனப் பெண்ணுடன் பழகுவது தகாது என்ற பொருளில் பலர் காதுபடச் சாடினார். அந்தக் காணொளி பரவியபோது, சாடியவர் கல்வி நிலையம் ஒன்றின் விரிவுரையாளர் என்பது தெரியவந்தது. அவர் வேலையை இழந்தார், பின்னர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார். அந்த நாட்களில் இனவாதத்தைப் பற்றி நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு செய்தி அந்தப் பேச்சில் அடிபட்டுப் போனது. அவர் இந்தியர் என்று சுட்டிய ஆடவர் இந்தியரும் பிலிப்பினோவும் கலந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சீனர் என்று சுட்டிய பெண்ணோ சீனரும் தாய்லாந்துக்காரரும் கலந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டு முகங்களையும் பார்த்த மாத்திரத்தில் அவர் இட்ட பெயர்கள் இரண்டும் பாதியளவே பொருந்தின.

அவை முழுமையாகப் பொருந்தியிருந்தால் மட்டும் அவர் செய்தது நியாயமாகிவிடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது, தோற்றத்தைக் கண்டு இனத்தை முடிவு செய்யும் பழக்கத்தை. அது சாலையில் கூச்சலிடுபவரிடம் மட்டும் இல்லை. அன்போடு பேசுகிறவர்களிடமும் இருக்கிறது. தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த குழந்தையை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலர் சிண்டியன் என்று அழைக்கும் அந்தக் குழந்தையை, நம் கல்யாண வீடுகளில் எப்படி வரவேற்கிறோம்? "கலப்பா? அதான் இவ்வளவு அழகு!" என்கிறோம். "அம்மா நிறம் வந்திருக்கு, நல்ல வேளை!" என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு. பாராட்டாகச் சொல்லப்படும் அந்த வாக்கியத்தில், கறுப்பாகப் பிறந்திருந்தால் குறைதான் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது; பக்கத்தில் நிற்கும் தந்தையையும் அது சேர்த்தே தாழ்த்துகிறது. பிறகு அதே குழந்தை தமிழில் ஒரு வாக்கியம் பேசிவிட்டால், கரடி சைக்கிள் ஓட்டியதைப் பார்த்தாற்போல வியந்து கைதட்டுகிறோம். தந்தையின் மொழியைப் பேசுவதற்குக் கைதட்டல் வாங்கும் பிள்ளை, தான் விருந்தாளி என்பதையே அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

இனி அரசாங்கக் கணக்குக்கு வருவோம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு கட்டங்களில் சிங்கப்பூர் தன் மக்களை எழுதிவைக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடிமக்கள், நிரந்தரவாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2. ஐரோப்பிய, ஆசிய வம்சாவளிகள் கலந்து பிறந்த, நூற்றாண்டுக்கு மேலாகச் சங்கம் வைத்து வாழும் யூரேசியர்களும் அந்த மற்றவரில் அடக்கம். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த ஜோசப் ஸ்கூலிங் யூரேசியத் தந்தையின் மகன். அவர் நாடு திரும்பும் முன்பே, பெயரையும் முகத்தையும் வைத்து, உண்மையிலேயே நம்மூர்க்காரர்தானா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இந்தக் கட்டங்கள் வெறும் புள்ளிவிவரமும் அல்ல. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில், ஒவ்வோர் இனத்தவருக்கும் இத்தனை விழுக்காடு வீடுகள்தான் என்ற இன ஒதுக்கீடு நடப்பில் இருக்கிறது. இந்தியருக்கும் மற்றவருக்குமான உச்சவரம்பு 2010இல் வட்டாரத்துக்கு 12 விழுக்காடாகவும் கட்டடத்துக்கு 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. வரம்பு நிறைந்த கட்டடத்தில் வீட்டை விற்க முயன்றவர்களுக்கு, அடையாள அட்டையில் இருக்கும் இனம் எவ்வளவு கனமானது என்பது தெரியும்.

ஆண்டுதோறும் பதிவாகும் திருமணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அல்லது ஆறில் ஒன்று இனங்களுக்கு இடையிலானது என்ற நிலை வந்தபிறகு, பிள்ளைக்குத் தந்தையின் இனத்தை மட்டும் எழுதுவது பொருந்தாமல் போயிற்று. 2011இன் தொடக்கத்தில் இரட்டை இனப் பதிவு நடப்புக்கு வந்தது. இந்தியர்-சீனர் என்றோ சீனர்-இந்தியர் என்றோ பெற்றோர் எழுதிக்கொள்ளலாம். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆயினும் வீட்டு ஒதுக்கீடு போன்றவற்றுக்கு முதலில் எழுதப்பட்ட இனமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே இரண்டு பெயர்களில் எதை முன்னால் போடுவது என்று பிள்ளை பிறந்த வீட்டில் தாத்தா பாட்டிமார் நடத்தும் வாக்குவாதம் வெறும் கௌரவச் சண்டை என்று நான் சொல்லமாட்டேன்.

இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததும் அல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானியத்துக்கு வணிகம் செய்ய வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறியதில் உருவான மலாக்கா செட்டிகள், வீட்டில் பேசுவது மலாய். வணங்குவது விநாயகரையும் மாரியம்மனையும். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். மலாக்கா ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் அவர்கள் எழுப்பியது. தமிழ் முஸ்லிம் ஆடவர்களும் மலாய்ப் பெண்களும் மணந்துகொண்டதில் உருவான ஜாவி பெரானாக்கான் சமூகம், 1876இல் சிங்கப்பூரில் தன் பெயரிலேயே ஒரு மலாய் வார இதழை நடத்தியது. அடையாள அட்டை என்ற ஒன்று அச்சாவதற்கு வெகு முன்பே, இம்மக்கள் தாங்கள் யார் என்பதில் தெளிவாக இருந்தார்கள். தெளிவில்லாமல் போனது, அவர்களை ஏதேனும் ஒரு கட்டத்துக்குள் வைக்க முயன்றவர்களுக்கே.

2017இல் அந்தத் தெளிவின்மை நாடு தழுவிய வாதமானது. முந்தைய ஆண்டு செய்யப்பட்ட அரசமைப்புத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதில் போட்டியிட முன்வந்த ஹலிமா யாக்கோபின் தந்தை இந்திய முஸ்லிம், தாய் மலாய்க்காரர். போட்டியிட விரும்பிய மற்ற இருவரில் ஒருவர் இந்திய வம்சாவளி, மற்றவர் பாகிஸ்தானிய வம்சாவளி. யார் போதுமான அளவு மலாய்க்காரர் என்று காப்பிக்கடைகளில் மக்கள் அளக்கத் தொடங்கினார்கள். மலாய் இரத்தம் எத்தனை பங்கு, பேச்சு எப்படி, முகம் எப்படி என்றெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். தனியார் துறையிலிருந்து வருபவர் மிகப் பெரிய நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும் என்ற தகுதியை மற்ற இருவரும் எட்டாததால், ஹலிமா போட்டியின்றி அதிபரானார். ஒதுக்கீடு தேவையா என்று கேட்பது நியாயமான அரசியல் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய பலர், ஒரு பெண்மணியின் தந்தை யார் என்பதில் போய் நின்றுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

சட்டம் அப்படி அளக்கச் சொல்லவில்லை. சிறுபான்மையினர் ஒருவராவது இடம்பெறும் அணியாகப் போட்டியிட வேண்டிய குழுத்தொகுதிகளுக்காக 1988இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவும், அதிபர் தேர்தலுக்கான 19பி பிரிவும் மலாய்ச் சமூகத்தவரை இவ்வாறு வரையறுக்கின்றன: மலாய் இனத்தில் பிறந்தவராயினும் அல்லாதவராயினும், தம்மை அச்சமூகத்தவராகக் கருதுகிறவராகவும், அச்சமூகத்தால் பொதுவாக ஏற்கப்பட்டவராகவும் இருக்க வேண்டும். இரண்டே நிபந்தனைகள், நிறமும் மூக்கும் அவற்றில் இல்லை. இந்தியச் சமூகத்தவருக்கோ, இதே இரண்டு நிபந்தனைகளுக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: இந்திய வம்சாவளியினராக இருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு யாரைத் தொடும் என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும், வறுமையாலும், பெண் பிள்ளை பாரம் என்ற எண்ணத்தாலும், பிறந்த வேளை குடும்பத்துக்கு ஆகாது என்ற சோதிட நம்பிக்கையாலும், சீனக் குடும்பங்கள் பல தங்கள் பெண் குழந்தைகளை மலாய், தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தன. அப்படி வளர்ந்த பெண்மணிகளைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் பலர் அறிவார்கள். நெற்றியில் பொட்டு, சேலை, தைப்பூசத்தில் பால்குடம், வாயைத் திறந்தால் வட்டார வழக்கு மாறாத தமிழ். கடைக்காரர் மட்டும் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பேசுவார், இவருக்கு ஒரு சொல்லும் புரியாது. அவர் தமிழ்ப் பெயர் கொண்டவர், தமிழரை மணந்தவர், தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றவர். மலாய்க் குடும்பத்தில் அதே போல வளர்ந்த சீனக் குழந்தையைச் சட்டத்தின் வரையறை மலாய்ச் சமூகத்தவராக ஏற்க இடம் தருகிறது. தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவருக்கோ, சொற்களை அப்படியே படித்தால், அந்த இடம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. அவருடைய மகனுக்கு உண்டு, தந்தை வழியில்.

இந்திய வம்சாவளி என்ற நிபந்தனையை நீக்கி, இரு சமூகங்களுக்கும் ஒரே வரையறையை எழுதலாம் என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் யார் வேண்டுமானாலும் இந்தியர் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்களே என்று சிலர் அஞ்சக்கூடும். விரிந்த அந்த வரையறையோடுதான் மலாய்ச் சமூகம் 1988 முதல் இருந்துவருகிறது. தகுதியற்றவரைத் தடுக்க, சமூகம் ஏற்க வேண்டும் என்ற இரண்டாம் நிபந்தனை ஏற்கெனவே இருக்கிறது. அந்த நிபந்தனையின் நீதிபதிகள் நாம். கல்யாண வீட்டில் ஒரு குழந்தையின் நிறத்தைப் பார்த்து நாம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அந்த வழக்கில் நாம் அளிக்கும் தீர்ப்பாகவே பதிவாகிறது.

நன்றி. வணக்கம்.