சூயிங் கம் மென்றால் மூளையில் என்ன நடக்கிறது?

[காட்சி: மெல்லும் வாய், மிக நெருக்கத்தில்]

புதினா சூயிங் கம் ஒன்றை வாயில் போட்டதும் மணமும் குளிர்ச்சியும் தூக்கலாக இருக்கும். சில நிமிடம் மென்றால் சப்பென்று ஆகிவிடும். புதினா தீர்ந்துவிட்டது என்றுதானே நினைக்கிறோம்? பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் சிலரை மெல்லச் சொல்லி, அவர்கள் மூக்கு வழியே வெளிவந்த மூச்சையே அளந்து பார்த்தார்கள். 1999-இல் வெளியான ஆய்வு அது. சுவை போய்விட்டது என்று அவர்கள் சொன்ன பிறகும் மூச்சில் புதினா மணம் பெரிதாகக் குறையவில்லை. கரைந்து போனது சர்க்கரைதான். இனிப்பு இறங்க இறங்க, புதினாவும் இறங்கிவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. மூக்கும் நாக்கும் தனித்தனியாக அனுப்புவதைச் சேர்த்து ஒரே சுவையாக்குவது மூளைதான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு இது.

அந்தக் குளிர்ச்சியும் மூளை தரும் உணர்வுதான். வாயின் வெப்பநிலை அப்படியேதான் இருக்கும். குளிரை உணரும் நரம்பு முனைகளைப் புதினாவில் உள்ள மென்தால் என்ற பொருள் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

[காட்சி: தாடையிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் நரம்பு]

இந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஐந்தாம் கபால நரம்புதான் மெல்லும் தசைகளையும் இயக்குகிறது. மெல்லும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், மூளைக்குப் போகும் ரத்தமும் கூடும், தூக்கக் கலக்கம் விலகும்.

சரி, படித்தது நினைவில் நிற்குமா? 2002-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வு நிற்கும் என்றது. அப்புறம் அதைச் சோதித்த வேறு சிலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தேர்வுக்கு முன் 5 நிமிடம் மென்றவர்கள் முதல் 15, 20 நிமிடம் நன்றாகச் செய்தார்கள். தேர்வு எழுதிக்கொண்டே மென்றவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. ஆக, சற்று நேரம் சுறுசுறுப்பு கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கஃபீன் சேர்த்த கம் வேறு ரகம். கன்னத்தின் உட்புறம் வழியாகவே கஃபீன் ரத்தத்தில் கலப்பதால், விழுங்கும் மாத்திரையைவிட வேகமாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அமெரிக்க ராணுவ வீரர்களுக்குத் தரும் கம்மில் ஒவ்வொன்றிலும் 100 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது.

[காட்சி: நெற்றியைப் பிடித்தபடி ஒரு சிறுமி]

ஓயாமல் மெல்லும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-இல் இஸ்ரேலில், நாள்பட்ட தலைவலியோடு தினமும் கம் மென்றுவந்த 30 சிறுவர்களையும் பதின்வயதினரையும் ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார்கள். 19 பேருக்குத் தலைவலி முழுதாக நின்றது, 7 பேருக்கு நன்றாகக் குறைந்தது. இந்த 26 பேரில் 20 பேர் மறுபடி மெல்ல, எல்லோருக்கும் சில நாளிலேயே வலி திரும்பியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் பிள்ளைக்கு அடிக்கடி தலை வலித்தால், டாக்டரிடம் கம் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.